மேய்ச்சல் நிலத்தில் மண் கரிமத்தைக் கூட்டுவது எப்படி? குளுவாங் வட்டார மாடு வளர்ப்போருக்கான கேள்வி பதில்

ஜொகூரில் குளுவாங், ரெங்கம், பாலோ, லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டங்களிலும் தோட்டத்தை ஒட்டிய நிலங்களிலும் மாடு, ஆடு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பவை இவை. திறந்தவெளி மேய்ச்சல், செம்பனைக்கு அடியில் மேய்ச்சல் இரண்டுக்கும் பதில் உண்டு. கணக்கெல்லாம் 10 ஏக்கர் நிலம், சராசரி 250 கிலோ எடையுள்ள 15 மாடு என்ற ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் போட்டவை. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மண் கரிமம் என்று எதைச் சொல்கிறீர்கள்? சாணமா, மட்கிய இலையா?

இரண்டும் அதற்குள் வந்து சேரும் வழிகள்தான். மட்கிய வேர், நுண்ணுயிரிகள், அவை செத்து மண் துகளில் ஒட்டிக்கொண்ட மிச்சம் எல்லாம் சேர்ந்தது மண்ணின் கரிமப் பொருள். அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல் கரிமம் (கார்பன்). ஆய்வுக்கூடம் கொடுக்கும் கரிம எண்ணை 1.72-ஆல் பெருக்கினால் கரிமப் பொருள் எவ்வளவு என்பது ஏறத்தாழத் தெரியும்.

நம் பக்கத்து மண்ணுக்கு இது கூடுதலாக முக்கியம். கருங்கல்லிலிருந்து வந்த ரெங்கம் வகை மண் ஆழமானது, வேர் நன்றாக இறங்கும். ஆனால் அதிலுள்ள களி உரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைந்த களி. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடத்தில், போட்ட பொட்டாசும் மக்னீசியமும் கானுக்குப் போகாமல் மேல்மண்ணில் தங்குவது பெரும்பாலும் இந்தக் கரிமப் பொருளால்தான்.

இப்போது என் நிலத்தில் எவ்வளவு இருக்கும்?

சோதிக்காமல் சொல்ல முடியாது. கணக்கு மட்டும் எளிது: கரிம சதவீதம் × மண் அடர்த்தி × ஆழம். மேல் 30 சென்டிமீட்டரில் 1.8 சதவீதம், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம் என்றால் 1.8 × 1.2 × 30 = 64.8. ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 65 டன் கரிமம்.

எத்தனை ஆண்டில் கூடும்?

மெதுவாகத்தான். நன்றாகப் பராமரிக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 0.1 முதல் 1 டன் வரை கூடலாம். பாழ்பட்ட நிலம் வேகமாக ஏறும், ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ளது ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். மேலே சொன்ன நிலத்தை 1.8-லிருந்து 2.0 சதவீதத்துக்குக் கொண்டுபோக 7.2 டன் வேண்டும். ஆண்டுக்கு 0.4 டன் கூடினால் அது 18 ஆண்டு வேலை. "மூன்றே வருடத்தில் இரண்டு மடங்கு" என்று பாட்டில் திரவம் விற்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

நம் வெப்பத்திலும் ஈரத்திலும் போட்டது எல்லாம் சீக்கிரம் மட்கிக் காற்றில் கலந்துவிடும். அதனால் மேலே கொட்டுவதைவிட, மண்ணுக்குள்ளேயே வளர்ந்து சாகும் வேர்தான் அதிகம் தங்குகிறது. இந்தப் பக்கத்தில் வரும் பதில்களில் பாதி, வேரை வளர விடுவது எப்படி என்பதைப் பற்றியதுதான்.

சரி, முதலில் எதைச் செய்ய வேண்டும்?

புல்லுக்கு ஓய்வு கொடுங்கள். காலையில் அவிழ்த்து விட்டு மாலையில் ஓட்டி வரும் முறையில், மாடு தனக்குப் பிடித்த இடத்துக்கே நாள்தோறும் போகும். அங்கே புல் இரண்டு இலை விட்டதும் கடிபடும். இலை இல்லாத புல் வேரில் சேமித்ததை எடுத்துத்தான் துளிர்க்க வேண்டும். அது திரும்பத் திரும்ப நடந்தால் வேர் சுருங்கும், இடைவெளியில் தொட்டாற்சிணுங்கியும் செண்டுடுக் புதரும் ஏறும். நிலத்தின் மறுபக்கத்தில் புல் முற்றி, மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரே நிலத்தில் அதிக மேய்ச்சலும் குறை மேய்ச்சலும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்.

10 ஏக்கரை 12 கட்டமாகப் பிரியுங்கள். ஒரு கட்டத்தில் 3 நாள். எல்லாக் கட்டத்தையும் சுற்றி வர 36 நாள், ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் 33 நாள் ஓய்வு. 3 நாளுக்கு மேல் போனால், முதல் நாள் கடித்த புல்லின் புதுத் துளிரை அதே மாடு மறுபடி கடிக்கத் தொடங்கும். சிக்னல் புல் 30 சென்டிமீட்டர் வளர்ந்ததும் உள்ளே விடுங்கள், 10 சென்டிமீட்டரில் வெளியே எடுங்கள். கினி புல் என்றால் முழங்கால் அளவுக்கு மேல் வளர்ந்ததும் விட்டு, ஒரு சாண் இருக்கும்போது எடுத்துவிட வேண்டும்.

நாட்காட்டிக்கு அடிமையாகாதீர்கள். வறண்ட மாதத்தில் 33 நாள் போதாது, 45 நாள்கூட ஆகும். புல் வளரவில்லையே என்று சுற்றை வேகப்படுத்துவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. வேகப்படுத்த வேகப்படுத்த ஓய்வு குறையும், புல் இன்னும் குறையும், நாலாவது சுற்றில் எல்லாக் கட்டமும் மொட்டையாக நிற்கும். வளர்ச்சி குறைந்தால் சுற்றை மெதுவாக்கி, பற்றாக்குறைக்கு வெட்டுப் புல்லோ செம்பனைப் பிண்ணாக்கோ கொடுங்கள், இல்லையென்றால் மாட்டைக் குறையுங்கள்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. வயிற்றுப் புழுவின் குஞ்சு நம் ஈரத்தில் ஒரு வாரத்துக்குள் தயாராகிவிடும், ஆனால் தின்ன ஆள் இல்லாவிட்டால் ஐந்து ஆறு வாரத்தில் பெரும்பாலும் செத்துவிடும். 3 நாள் மேய்ச்சலும் 5 வார ஓய்வும் புழு மருந்துச் செலவைக் குறைக்கும்.

என் நிலம் எத்தனை மாடு தாங்கும்?

கண்ணால் அளக்காதீர்கள், வெட்டி எடை போடுங்கள். 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் கம்பிச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். மாட்டை விடப்போகும் கட்டத்தில், பார்க்காமல் எறிந்த 10 இடங்களில், சட்டத்துக்குள் இருக்கும் புல்லை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் அறுத்து நிறுங்கள். நல்ல இடமாகப் பார்த்துச் சட்டத்தை வைத்தால் கணக்கு உங்களையே ஏமாற்றும்.

சராசரி 150 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். சட்டம் கால் சதுர மீட்டர், ஆகவே ஒரு சதுர மீட்டருக்கு 600 கிராம், ஹெக்டேருக்கு 6 டன் பச்சைப் புல். ஒரு கட்டம் 0.34 ஹெக்டேர், அதில் ஏறத்தாழ 2,020 கிலோ. மிதிபட்டும் சாணம் பட்டும் வீணாவது போக 70 சதவீதம் வயிற்றுக்குப் போகும், அதாவது 1,415 கிலோ. 250 கிலோ மாடு தன் எடையில் இரண்டரை சதவீதம் உலர்தீனி தின்னும். புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்ந்த பொருள், எனவே நாளுக்கு 31 கிலோ பச்சைப் புல். 15 மாட்டுக்கு 470 கிலோ. கட்டம் 3 நாள் தாங்கும்.

எண் 2 நாள் என்று வந்தால் மாடு அதிகம் என்று பொருள். ஹஜ்ஜுப் பெருநாள் விலைக்காகக் காளைகளை மாதக்கணக்கில் பிடித்து வைப்பதும், தீபாவளிக்குக் கிடா சேர்ப்பதும் இங்கே வழக்கம். விற்கும் மாதத்துக்கு முந்தைய மூன்று மாதம்தான் நிலம் மொட்டையாகும் காலம். அந்த மூன்று மாதத்துக்கு வேண்டிய வெட்டுப் புல்லை முன்பே நட்டு வைக்காவிட்டால், கூடுதல் விலையில் கிடைத்ததை மறு ஆண்டு மண் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

12 கட்டத்துக்கு வேலி போட்டால் கட்டுப்படியாகுமா?

நிரந்தர முள்கம்பி வேலி வெளி எல்லைக்கு மட்டும் போதும். உள்ளே சூரிய மின்வேலி எந்திரம், கம்பி இழையோடிய நைலான் கயிறு, காலால் மிதித்து ஊன்றும் கம்பங்கள். பெரிய மாட்டுக்கு 80, 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கயிறு. கன்று இருந்தால் 50 சென்டிமீட்டரில் இன்னொன்று. ஆட்டுக்கு இது சரிப்படாது, வலை வேண்டும்.

வேலி வேலை செய்யவில்லை என்று வரும் புகாரில் பெரும்பாலானவை நிலத்தொடர்புக் கம்பியில்தான் முடியும். ஒன்றரை மீட்டருக்குக் குறையாத துத்தநாகம் பூசிய கம்பி மூன்றை, 3 மீட்டர் இடைவெளி விட்டு, ஈரம் காயாத இடத்தில் அடித்து ஒன்றோடொன்று இணையுங்கள். ஓர் இரும்புக் கம்பியை மட்டும் கொட்டகைச் சுவர் ஓரம் அடித்துவிட்டால், வறண்ட வாரத்தில் மாடு கயிற்றை நக்கிப் பார்க்கும். கடைசி முனையில் 4,000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எங்கேயோ புல் கயிற்றைத் தொடுகிறது.

தண்ணீர் ஒவ்வொரு கட்டத்துக்கும் போக வேண்டும். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 30, 40 லிட்டர், கறவைக்கு இன்னும் கூட. தொட்டி ஒரே இடத்தில் நிலையாக இருந்தால் அதைச் சுற்றி மண் இறுகிச் சேறாகும். நகர்த்தக்கூடிய பிளாஸ்டிக் தொட்டியும் கறுப்புக் குழாயும் போதும்.

எந்தப் புல் நல்லது?

திறந்த நிலத்தில் மாட்டுக்குச் சிக்னல் புல். புளிப்பு மண்ணையும் அலுமினியத்தையும் தாங்கும், வேர் ஆழமாகப் போகும். தண்ணீர் நிற்கும் தாழ்வான இடத்துக்கு, தரையோடு ஓடும் ஹுமிடிகோலா. நிழலுக்கு அடியில் இவை இரண்டும் மெலிந்துவிடும்.

ஆட்டுக்கும் செம்மறிக்கும் சிக்னல் புல் கொடுக்காதீர்கள். அதிலுள்ள நச்சு ஈரலைக் கெடுக்கும். காது, முகம் வீங்கி, கண் மஞ்சளாகி, வெயில் பட்ட தோல் வெந்ததுபோல் உரியும். "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைத்து நிழலில் கட்டிவிட்டு அதே புல்லை அறுத்துப் போடுபவர்கள் உண்டு. ஆட்டுக்குக் கினி, ஹுமிடிகோலா, நேப்பியர் போதும்.

புல்லோடு பயறுவகைக் கொடி சேர்ந்தால் காற்றிலுள்ள தழைச்சத்து மண்ணுக்கு வரும். தோட்டத்தில் மூடுகொடியாகப் போடும் சென்ட்ரோசீமா மேய்ச்சலுக்கும் ஏற்றது. ஸ்டைலோ புளிப்பு மண்ணில் நன்றாக வரும், தாழ அறுத்தால் செத்துப்போகும். பிந்தோ நிலக்கடலை நிழலையும் மிதியையும் தாங்கும், ஆனால் பரவ ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். வேலி ஓரத்துக்குக் கிளிரிசீடியா. பெத்தாய் பெலாலாங் எனப்படும் சவுண்டல் நம் புளிப்பு மண்ணில் முனகிக்கொண்டே நிற்கும், சுண்ணாம்பு இல்லாமல் நடாதீர்கள்.

உழுது புதிதாகப் புல் போடலாமா?

முடிந்தவரை வேண்டாம். உழுதால் உள்ளே பத்திரமாக இருந்த கரிமம் காற்றுப் பட்டு எரியும், சரிவு நிலத்தில் முதல் பெருமழையிலேயே மேல்மண் போகும். பழைய புல்லைத் தாழ மேய்த்து, சாங்குல் அகலத்துக்குக் குழி போட்டு, 50 சென்டிமீட்டர் இடைவெளியில் வேரோடு பிரித்த பதியன்களை ஊன்றுங்கள். குழிக்கு ஒரு கைப்பிடி ராக் பாஸ்பேட். முதல் மூன்று மாதம் மாடு உள்ளே போகக் கூடாது. மழை தொடங்கும் வாரத்தில் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்.

சுண்ணாம்பு எவ்வளவு? உரம் போட்டால் கரிமம் கூடுமா?

மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 4.5-க்குக் கீழே இருந்தால் ஜிஎம்எல் சுண்ணாம்பு (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) ஹெக்டேருக்கு 2 டன், அதாவது ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை 16. இலக்கு 5.0 முதல் 5.5 வரை போதும். சிக்னல் புல்லுக்கு 6.5 வரை ஏற்றுவது காசைக் கரைப்பது. மேய்ந்து முடித்த கட்டத்தில் தூவுங்கள். அதே வாரம் யூரியா போட்டால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும், மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். ராக் பாஸ்பேட் கரையப் புளிப்பு தேவை, ஆகவே அதையும் சுண்ணாம்போடு கலந்து தூவாதீர்கள்.

கரிமம் தனியாக மண்ணில் தங்காது. நிலையான ஒரு டன் மண் கரிமத்தோடு ஏறக்குறைய 80 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 14 கிலோ கந்தகம் பூட்டப்பட்டிருக்கும். சத்தில்லாத மண்ணில் ஓய்வு மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பது இதனால்தான். கொடி வகை இல்லாத நிலத்துக்கு, மேய்ச்சல் முடிந்து ஒரு வாரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ யூரியா, ஆண்டுக்கு நாலைந்து தடவை. மண் ஈரமாக இருக்கும்போது, கனமழை இல்லாத மாலையில் போடுங்கள்.

அதற்கு மேல் அள்ளிப் போடுவது எதிர்வேலை. போட்ட தழைச்சத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும், அந்த வாயு கரியமில வாயுவைப் போல் 270 மடங்குக்கு மேல் சூடேற்றும். 100 கிலோ தழைச்சத்துக்கு 0.4 டன் கரியமில வாயுவுக்குச் சமம் ஆகிவிடும், உரம் செய்யச் செலவான எரிபொருள் தனி.

சாணத்தை என்ன செய்வது? கொட்டகையில் மலைபோல் சேர்கிறது.

மேயும்போது விழுவதுதான் மிகச் சிறந்த சாணம், அது விழுந்த இடத்திலேயே வேலையைத் தொடங்கும். கொட்டகையில் இரவு கட்டும் மாடு, பகல் முழுதும் நிலத்தில் தின்றதில் பாதியைக் கொட்டகையில் இறக்குகிறது. அதைக் குழாய் போட்டுக் கழுவிக் கானில் விட்டால், ஆண்டுதோறும் உங்கள் நிலத்தின் சத்தை ஆற்றுக்கு அனுப்புகிறீர்கள். 15 மாட்டின் இரவுச் சாணம் நாளுக்கு 90 கிலோ, ஆண்டுக்கு 30 டன்னுக்கு மேல்.

மட்க வைப்பது சிரமமில்லை. சாணத்தோடு காய்ந்த புல், ரப்பர்ப் பலகை மரத்தூள், கிடைத்தால் நறுக்கிய செம்பனை வெறுங்குலை (பழம் உதிர்த்த குலை) நார். அடியில் காய்ந்த பொருள் ஒரு சாண், அதன்மேல் சாணம் நாலு விரல் என்று அடுக்கி, ஒன்றரை மீட்டர் அகலம், இடுப்பளவு உயரம். கூரைக்கடியில் வையுங்கள், இல்லையென்றால் கேன்வஸ் போர்த்துங்கள். மழையில் ஊறிய குவியல் மட்காது, அழுகும். உள்ளே நீட்டிய இரும்புக் கம்பியைப் பிடிக்க முடியாத சூடு வந்தால் சரி, அது 55 பாகைக்கு மேல். முதல் மாதம் வாரம் ஒருமுறை புரட்டுங்கள். எட்டுப் பத்து வாரத்தில் தயார். அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், மரத்தூள் சேர்த்துப் புரட்டுங்கள். சூடே ஏறாவிட்டால் மரத்தூள் அதிகம், சாணம் சேருங்கள்.

மேய்ந்து முடித்த கட்டத்தில் மட்டும், ஏக்கருக்கு 4 டன் அளவில் தூவலாம். மாடு திரும்பி வருவதற்குள் ஏறக்குறைய ஐந்து வாரம் இருக்க வேண்டும்.

குவியலைப் புரட்டும்போது விரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் புழு. வளர்ந்து பறந்துபோய் இளம் செம்பனையின் குருத்தைத் துளைக்கும், தோட்ட நிர்வாகம் உங்கள் வாசலில் வந்து நிற்கும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். வெறுங்குலையை மேய்ச்சல் நிலத்தில் பரப்புவதானாலும் மொட்டைத் திட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள், குவித்தால் வண்டும் ஈயும் வரும், அடியில் புல்லும் சாகும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து லோரியில் வந்த மட்கு, வேறு ஓர் இடத்துக் கரிமம் உங்கள் இடத்துக்கு வந்தது. மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் காற்றிலிருந்து புதிதாக இழுத்ததாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

புழு மருந்துக்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து நாள்கணக்கில் வரும், அதைத் தின்னும் சாண வண்டின் புழு சாகும். சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப் புதைப்பது அந்த வண்டுதான். எல்லா மாட்டுக்கும் மாதாமாதம் என்று போடாமல், தேவையான மாட்டுக்கு மட்டும் போட்டு, சில நாள் கொட்டகையில் வைத்திருங்கள்.

நான் மேய்க்கவில்லை, நேப்பியர் வெட்டித்தான் போடுகிறேன். எனக்கும் பொருந்துமா?

பொருந்தும், எச்சரிக்கையோடு. வெட்டுப் புல் நிலம் சத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், எதுவும் தானாகத் திரும்பாது. ஒரு டன் உலர்புல்லோடு 15, 20 கிலோ தழைச்சத்தும் அதே அளவுக்குக் குறையாத பொட்டாசும் போகிறது. பக்கத்து ஏக்கரில் வாழைக்கும் காய்கறிக்கும் சாணத்தைப் போட்டுவிட்டு நேப்பியருக்கு யூரியா மட்டும் போட்டால், மூன்றாம் ஆண்டு புல் மஞ்சளாகி, கரிமமும் இறங்கியிருக்கும். கொட்டகைச் சாணம் முதலில் நேப்பியர் நிலத்துக்கு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, 10, 15 சென்டிமீட்டர் அடிக்கட்டை விட்டு வெட்டுங்கள்.

செம்பனைக்கு அடியில் மாடு விட்டால் மண் கெடுமா, தேறுமா?

எண்ணிக்கையைப் பொறுத்தது. மரம் இளசாக இருக்கும்வரை விடக் கூடாது, ஓலை எட்டும் உயரத்தில் இருந்தால் மாடு கடிக்கும். ஓலை மூடிய பிறகு வெயில் குறைந்து அடிப்புல் ஹெக்டேருக்குச் சில நூறு கிலோவுக்கு இறங்கும். அப்போது 3 முதல் 4 ஹெக்டேருக்கு ஒரு மாடுதான். ஒரே இடத்துக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் ஆகட்டும். இதைவிடக் கூட்டினால் மெல்லிய இலைச்செடி எல்லாம் போய், வெறும் தரையில் மழை நேராக அடிக்கும்.

இங்கே கரிமத்தின் பெரிய வாசல் வெட்டிப் போடும் ஓலைதான். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 டன் உலர் ஓலை விழும். ஓலைக் குவியல் வரிசையை மாடு கலைக்காமல் இருக்க, மின்கயிற்றை அதற்கு இணையாக இழுங்கள். களை மருந்து அடித்த வரிசைக்குள் மாட்டை விடும் முன் மண்டோரிடமோ கிராணியிடமோ அடித்த தேதியைக் கேட்டுவிடுங்கள். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது, ஆனாலும் பழைய டின் கிடக்கும் ஸ்டோர்கள் இருக்கலாம்.

லாலாங்கை எரித்துவிட்டால் சுலபம்தானே?

திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். அதைவிட, எரித்தால் லாலாங் சாகாது. கிழங்குத் தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், இரண்டு வாரத்தில் முதலில் எழுவது அதுதான். போவது மற்ற புல்லும் மேல்மட்டக் கரிமமும். டிரம்மில் தண்ணீர் நிரப்பி உருட்டி மடக்குங்கள், ஒடிக்காமல் மடக்கினால் துளிர் மெதுவாக வரும். மேலே சென்ட்ரோசீமா ஏறினால் நிழலில் அடங்கும். பிடிவாதமான திட்டுக்கு மட்டும் கிளைபோசேட்.

மழைக்காலத்தில் மாட்டை எங்கே விடுவது?

நவம்பர் முதல் ஜனவரி வரை ஊறிய மண்ணில் குளம்பு புதையும். ஒரு வாரச் சேறு மிதித்ததைத் தளர்த்த வேர்களுக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். கொட்டகைக்குப் பக்கத்தில், மேடான ஒரு கட்டத்தைப் பலிக்கு விட்டுவிடுங்கள். நாளெல்லாம் மழை பெய்தால் மாடு அங்கே நிற்கட்டும், தீனி வெட்டிப் போடுங்கள். அந்த ஒரு கட்டம் கெடும், மற்றப் பதினொன்று தப்பிக்கும்.

பொந்தியான், பத்து பஹாட் பக்கம் எங்களுக்குக் கரிமண் நிலம். அங்கே?

அங்கே கூட்டும் பேச்சே கிடையாது. தாவரம் மட்காமல் தண்ணீரில் ஊறிக் கிடந்ததால் உருவானது அந்த மண். கான் வெட்டி வடித்தால் மட்கும், நிலமே ஆண்டுதோறும் கீழே இறங்கும். கான் அடைப்புகளை உயர்த்தி, தண்ணீர் மட்டத்தை முடிந்தவரை மேலே வைப்பதுதான் நீங்கள் செய்யக்கூடியது.

மண்ணைச் சோதனைக்கு எடுப்பது எப்படி?

முதலில் நிலத்தைப் பிரியுங்கள். மேடு, பள்ளம், பழைய கொட்டகை இருந்த இடம் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 15 இடங்களைத் தெரிவு செய்து, கைப்பேசியில் இடக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்துக்கு, அதே மாதத்தில் போக வேண்டும். தொட்டி, வாசல், மரத்தடி, சாணத் திட்டு வேண்டாம்.

மேலே கிடக்கும் சருகையும் பச்சைப் புல்லையும் விலக்கிவிட்டு, 0 முதல் 15, 15 முதல் 30 சென்டிமீட்டர் என இரண்டு வாளியில் தனியாகச் சேருங்கள். கலந்து அரைக் கிலோ எடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கார் பின்னால் ஒரு வாரம் வைத்தால், நுண்ணுயிரி பையிலேயே கரிமத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

அடர்த்திக்கு 5 சென்டிமீட்டர் குறுக்களவும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள எஃகு வளையம். அதன் கொள்ளளவு 98 கன சென்டிமீட்டர். குழியின் பக்கச் சுவரில் மெதுவாகத் தட்டி இறக்கி, கத்தியால் இருபுறமும் சமமாகச் சீவி, 105 பாகையில் ஒரு நாள் உலர்த்தி நிறுக்க வேண்டும். 118 கிராம் இருந்தால் அடர்த்தி 1.2. செம்பூரான் கல் கலந்த மண்ணில் கல்லைச் சலித்து எடுத்து எடையையும் கொள்ளளவையும் கழிக்க வேண்டும், இல்லையென்றால் கல்லையும் கரிமம் என்று எண்ணிவிடுவீர்கள்.

கரிமத்தை அளக்கும் வாக்லி-பிளாக் (ரசாயன) முறையும் உலர் எரிப்பு முறையும் ஒரே எண்ணைத் தராது. முதல் சோதனைக்கு எந்த முறையோ அதுவே இரண்டாவதற்கும், முடிந்தால் அதே ஆய்வுக்கூடம். சுண்ணாம்பு புதிதாகப் போட்டிருந்தால் ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லிவிடுங்கள், எரிப்பு முறையில் அதிலுள்ள கார்பனேட்டும் கணக்கில் ஏறும்.

சதவீதம் மாறவில்லை, ஆனால் டன் கணக்கு கூடியிருக்கிறது. சந்தோஷப்படலாமா?

கூடாது. மண் இறுகியிருக்கிறது. அதே 1.8 சதவீதம், அடர்த்தி 1.2-லிருந்து 1.3 ஆனால் கணக்கு 64.8-லிருந்து 70.2 டன்னாக ஏறும். நிலம் மிதிபட்டதற்கு 5.4 டன் பரிசு கிடைத்ததுபோல் காகிதம் காட்டும். இறுகிய மண்ணில் 30 சென்டிமீட்டர் தோண்டினால் முன்பைவிட அதிக மண் வருகிறது, அவ்வளவுதான். ஒப்பிடுவது சம எடை மண்ணில் இருக்க வேண்டும்.

கார்பன் கிரெடிட் (மண்ணில் சேர்த்த கரிமத்துக்கான சான்று) விற்றுச் சம்பாதிக்கலாம் என்கிறார்களே?

மலேசியாவில் புர்சா கார்பன் சந்தை 2022 டிசம்பரில் தொடங்கியது உண்மை. மேய்ச்சல் மண்ணுக்கான அனைத்துலகக் கணக்கீட்டு முறைகளும் உண்டு. உங்கள் 10 ஏக்கருக்குக் கணக்கைப் பாருங்கள்: 4.05 ஹெக்டேர் × 0.4 டன் × 3.67 (கரிமத்தைக் கரியமில வாயுவாக மாற்றும் எண்) = ஆண்டுக்கு ஏறத்தாழ 6 டன் கரியமில வாயு. டன்னுக்கு 50 வெள்ளி என்று வைத்தாலும் 300 வெள்ளி. சோதனை, ஆவணம், மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு எல்லாம் இதைப் பலமுறை விழுங்கும். பல நூறு ஹெக்டேர் ஒன்றுசேர்ந்தால் பேசிப் பார்க்கலாம். பதிவுக் கட்டணம் முன்பணமாகக் கேட்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாடு விடும் மீத்தேனை இது சரிக்கட்டுமா?

இல்லை. ஒரு மாடு ஆண்டுக்குச் சுமார் 50 கிலோ மீத்தேன் விடும், அது 1.3 டன் கரியமில வாயுவுக்கு மேல் சமம். 15 மாட்டுக்கு 20 டன், உங்கள் மண் இழுப்பது 6 டன். அதுவும் சில பத்தாண்டில் மண் நிரம்பி நின்றுவிடும், மாடு நிற்காது. மண் கரிமத்தைப் புல்லுக்காகவும், வறட்சியில் ஈரம் தங்குவதற்காகவும், உரச் செலவு குறைவதற்காகவும் கூட்டுங்கள்.

நிலம் என் பெயரில் இல்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

தற்காலிக உரிமத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். தோட்ட நிலத்தில் வாய்வார்த்தை அனுமதியோடு மேய்ப்பவர்களுக்கு அதுவும் இல்லை, தோட்டம் கைமாறினால் அல்லது தாமானாக மாறினால் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆகவே அதே ஆண்டில் பலன் தருபவற்றை முதலில் செய்யுங்கள்: சுழற்சி மேய்ச்சல், சாணத்தை நிலத்துக்குத் திருப்புவது, மொட்டைத் திட்டுகளை மூடுவது. மின்வேலி எந்திரம், கயிறு, கம்பம், தொட்டி எல்லாம் லோரியில் ஏற்றிப் போகக்கூடியவை, காசை அதில் போடுங்கள். ஏக்கருக்கு 16 மூட்டை சுண்ணாம்பும், கிளிரிசீடியா வேலியும், முழுப் புதுப்புல்லும் சில ஆண்டு கழித்துத்தான் திருப்பித் தரும். அவற்றுக்கு எழுத்தில் ஐந்து ஆண்டுக் குத்தகையாவது கேளுங்கள். குத்தகைத் தாளில் மாட்டு எண்ணிக்கை, எந்தெந்தக் கட்டம், மருந்து அடிக்கும் முன் எத்தனை நாள் முன்னறிவிப்பு, கானையும் வேலியையும் யார் பார்த்துக்கொள்வது என்ற நான்கும் இருக்கட்டும். தகராறு வருவது பெரும்பாலும் இந்த நான்கில்தான்.